அழைப்பும் விலக்கும்: கட்டாய இராணுவச் சேவைச் சட்டங்களில் பாலினச் சமத்துவத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குடிமக்கள் அரசுக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் உயிரையே ஈடாகக் கேட்பது கட்டாய இராணுவச் சேவை. பிரெஞ்சுப் புரட்சிக் காலம் தொடங்கி நெடுங்காலம் இக்கடமை ஆண்களுக்கே உரியதாக வரையறுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனும், 1949இல் இஸ்ரேலும் பெண்களைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. 2015க்குப் பின்னர் நார்வே, சுவீடன், டென்மார்க் ஆகிய நாடுகள் இருபாலருக்கும் ஒரே விதிகளை வகுத்துள்ளன. இச்சட்டங்களையும் அவை தொடர்பான நீதிமன்றத் தீர்ப்புகளையும் இக்கட்டுரை வரலாற்று முறையிலும் ஒப்பீட்டு முறையிலும் ஆராய்கிறது. கடமையின் சுமை குறைந்த காலத்தில்தான் சட்டத்தின் சொற்கள் பெரும்பாலும் சமத்துவம் பெற்றன என்பதும், ஒரு சட்டத்தின் பாலின நோக்கை அது யாரை அழைக்கிறது என்பதைவிட யாரை, எக்காரணத்தால் விடுவிக்கிறது என்பதே தெளிவாகக் காட்டுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: கட்டாய இராணுவச் சேவை, பாலினச் சமத்துவம், குடியுரிமை, விலக்கு, அரசியலமைப்பு, நீதிமன்றத் தீர்ப்புகள்.

முன்னுரை

இந்தியாவில் கட்டாய இராணுவச் சேவைச் சட்டம் நடைமுறையில் இல்லை. எனவே, பெண்களும் படையும் என்ற சிக்கல் இங்கு வேலைவாய்ப்புரிமை சார்ந்த வினாவாகவே எழுந்துள்ளது. தரைப்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது குறித்து 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. அங்கு ‘எங்களையும் பணிசெய்ய விடுங்கள்’ என்பதே கோரிக்கை. கட்டாயச் சேவை நிலவும் நாடுகளில் வினா வேறுவகையானது. அங்கு அரசு கேட்பது விருப்பத்தை அன்று. மறுத்தால் சிறைத்தண்டனை வரை செல்லக்கூடிய கடமையை அது கேட்கிறது. 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் உள்ள சிங்கப்பூரின் தமிழ்க் குடும்பங்கள் இவ்வேறுபாட்டை நன்கறியும். அங்கு மகன் படைக்குச் செல்வது கட்டாயம். மகளுக்கு அக்கட்டாயம் இல்லை.

ஒரு கடமையைப் பாலின அடிப்படையில் பகிர்வது யாருக்கு இழைக்கப்படும் பாகுபாடு? உயிருக்கு இடர் தரும் சுமையை ஆண்கள் மட்டும் சுமப்பதால் அது ஆண்களுக்கு எதிரானதா? முழுக் குடியுரிமையின் அடையாளமாகக் கருதப்படும் கடமையிலிருந்து விலக்கப்படுவதால் அது பெண்களுக்கு எதிரானதா? இவ்விரு வாதங்களும் வெவ்வேறு நாடுகளின் நீதிமன்றங்களில் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்கள் என்பதை அச்சட்டங்களின் வரலாறு காட்டுகிறது.

கடமையும் குடியுரிமையும்: 1793 முதல் 1918 வரை

நவீனக் கட்டாய ஆள்சேர்ப்பின் தொடக்கமாக 1793 ஆகஸ்டு 23இல் பிரெஞ்சுத் தேசியப் பேரவை பிறப்பித்த ஆணை கொள்ளப்படுகிறது. அவ்வாணை நாட்டு மக்கள் அனைவரையும் போருக்கு அழைத்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பணியை ஒதுக்கியது. இளைஞர்கள் போர்முனைக்குச் செல்ல வேண்டும். மணமான ஆண்கள் ஆயுதம் வடித்து உணவுப்பொருள்களைக் கொண்டுசெல்ல வேண்டும். பெண்கள் கூடாரங்களும் உடைகளும் தைத்து மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும். சிறுவர்கள் பழந்துணியைக் காயம் கட்டும் பஞ்சாக்க வேண்டும். முதியோர் பொதுவிடங்களில் வீரவுரை ஆற்ற வேண்டும். இவ்வாணையில் பெண்கள் மறக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அவர்களுக்கு ஓரிடம் வகுக்கப்பட்டது. அது படைவீரரின் இடம் அன்று. 1798ஆம் ஆண்டின் ஜூர்தான் சட்டம் இளைஞர்களை வயது வாரியாகப் பதிவுசெய்து படைக்கு எடுக்கும் நிலையான முறையை ஏற்படுத்தியபோது, பொதுப்பணியில் பெண்களுக்குத் தரப்பட்டிருந்த அவ்விடமும் சட்டத்திலிருந்து மறைந்தது. எஞ்சியது ஆண்களின் பட்டியல் மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசுகள் பலவும் இம்முறையைப் பின்பற்றின. ‘நாட்டுக்காகப் போரிடுபவனே நாட்டின் ஆட்சியில் பங்குபெறத் தக்கவன்’ என்ற கருத்து அதனுடன் வளர்ந்தது. வாக்குரிமை விரிவாக்கத்துக்கு ஆதரவாக இவ்வாதம் பயன்பட்டது. பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கவும் அதுவே பயன்பட்டது.

இவ்விணைப்பைத் தெளிவாகக் காட்டுவது பிரிட்டனின் 1918ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1916 ஜனவரியில், 18 வயது முதல் 41 வயதுக்குட்பட்ட மணமாகாத ஆண்களையும் குழந்தைகளற்ற மனைவியிழந்த ஆண்களையும் படைக்கு அழைக்கும் சட்டம் அங்கு நிறைவேறியது. அதே ஆண்டு மே மாதத்தில் மணமான ஆண்களும் அதனுள் கொண்டுவரப்பட்டனர். 1918ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயது நிரம்பிய ஆண்களுக்கு வாக்குரிமை அளித்தது. போரில் பணியாற்றிய ஆண்களுக்கோ 19 வயதிலேயே அவ்வுரிமை கிட்டியது. மனச்சான்றின் அடிப்படையில் படைப்பணியை மறுத்தோர் ஐந்தாண்டுகள் வாக்களிக்கத் தகுதியிழந்தனர். பெண்களுக்கு 30 வயதும் சொத்துத் தகுதியும் வேண்டப்பட்டன. வெடிமருந்து ஆலைகளில் உழைத்த பெண்களுள் பெரும்பாலோர் 30 வயதுக்குட்பட்ட இளம்பெண்கள். அவர்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை. ஒரே சட்டத்துக்குள் படைப்பணி வாக்குரிமையை விரைவுபடுத்தியது. படைப்பணி மறுப்பு அதைப் பறித்தது. படைப்பணிக்கு அழைக்கப்படாத பாலினம் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்களுக்கு இணையான வாக்குரிமையைப் பிரிட்டன் பெண்கள் 1928இல்தான் பெற்றனர்.

ஆகவே, விலக்கு என்பது பெண்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அதற்கு ஒரு விலை இருந்தது. அவ்விலை குடியுரிமைக் கணக்கில் கழிக்கப்பட்டது.

எழுத்துவழி ஒப்புதல்: பிரிட்டன், 1941

1941 டிசம்பர் 18இல் நிறைவேறிய இரண்டாம் தேசிய சேவைச் சட்டத்தின் மூலம் பிரிட்டன் பெண்களைக் கட்டாயச் சேவைக்கு அழைத்தது. 20 முதல் 30 வயது வரையிலான மணமாகாத பெண்களும் குழந்தைகளற்ற கைம்பெண்களும் இதற்கு உட்பட்டனர். சமத்துவக் கோரிக்கை இதற்குக் காரணம் அன்று. ஆள் பற்றாக்குறையே காரணம். தொழிலாளர் துறை அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பொறுப்பில், தொழிற்சாலைகளுக்கும் படைகளுக்கும் வேண்டிய ஆட்களைப் பகிர்ந்தளிக்கும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இச்சட்டம் அமைந்தது.

இச்சட்டத்தில் மூன்று கூறுகள் ஆராயத்தக்கவை. முதலாவது, தெரிவுரிமை. அழைக்கப்பட்ட பெண்கள் படைகளின் துணைச்சேவைகள், குடிமைப் பாதுகாப்பு, போர்த்தொழில் ஆகியவற்றுள் ஒன்றை விரும்பலாம். இரண்டாவது, ஆயுதம் பற்றிய விதி. எழுத்துமூலம் தன் ஒப்புதலைத் தெரிவித்தாலன்றி, உயிர்க்கொலை ஆயுதத்தைப் பயன்படுத்துமாறு எப்பெண்ணையும் பணிக்கக் கூடாது என்று சட்டம் கூறியது. மூன்றாவது, மணமான பெண்களுக்கான விலக்கு. 1916இல் மணமான ஆண்களுக்குக் கிட்டிய விலக்கு சில மாதங்களே நீடித்தது. 1941இல் மணமான பெண்களுக்கு அளித்த விலக்கோ போர் முடியும் வரை நிலைத்தது. ஆணுக்குத் திருமணம் தற்காலிக ஒத்திவைப்பு. பெண்ணுக்கு அது நிலையான வேறொரு கடமை என்பதே சட்டத்தின் கணிப்பு.

இக்கணிப்பின் முரணை விமான எதிர்ப்புப் பீரங்கிப் பிரிவுகள் வெளிப்படுத்தின. ஆண்களும் பெண்களும் சேர்ந்து பணியாற்றிய இக்கலப்புப் பிரிவுகளில், பகைவரின் விமானம் வரும் தொலைவையும் உயரத்தையும் கருவிகளால் அளந்து பீரங்கியின் இலக்கைக் கணித்தவர்கள் பெண்கள். பீரங்கியை இயக்கியவர்கள் ஆண்கள். குண்டு விழுந்தால் இருவரும் மடியக்கூடிய இடத்தில்தான் இருவரும் நின்றனர். ஆயினும் பெண்ணின் பணி ‘போரிடுதல்’ ஆகாது எனச் சட்டம் கருதியது. தரைப்படைத் துணைச்சேவைப் பெண்களின் ஊதியம் ஆண்களின் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. எனவே, சட்டம் காத்தது பெண்ணின் உயிரை அன்று. போரிடுவோர் ஆண்களே என்னும் வகைப்பாட்டை எனலாம். போருக்குப் பின்னர் அமைதிக்காலக் கட்டாயச் சேவைக்கான 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்களை மட்டுமே அழைத்தது. 1960இல் அவ்வழைப்பு நிற்கும்வரை பிரிட்டன் பெண்கள் மீண்டும் அழைக்கப்படவில்லை.

தாய்மை என்னும் விலக்கு: இஸ்ரேல், 1949

அமைதிக்காலத்திலும் பெண்களை நிலையாகப் படைக்கு அழைத்த முன்னோடிச் சட்டம் இஸ்ரேலின் 1949ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சேவைச் சட்டம். இஸ்ரேலின் சமத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக இச்சட்டம் பலமுறை காட்டப்படுகிறது. ஆனால் அதன் விலக்குப் பகுதி வேறொரு செய்தியைத் தருகிறது. மணமான பெண்களும் கருவுற்ற பெண்களும் தாய்மாரும் விலக்கப்பட்டனர். மனச்சான்று அல்லது குடும்பத்தின் சமய வாழ்க்கைமுறை காரணமாகப் பணியாற்ற இயலாது என்று காட்டும் பெண்ணுக்கு விலக்குண்டு. இத்தகைய சட்டவழி விலக்கு ஆண்களுக்கு அளிக்கப்படவில்லை. சேவைக்காலமும் பெண்களுக்குக் குறைவு. படைக்கு வந்த பெண்கள் ‘சென்’ எனப்பட்ட தனி மகளிர் பிரிவின் ஆளுகையின்கீழ் வைக்கப்பட்டனர். புதிய அரசு பெண்ணிடம் படைவீரரையும் தாயையும் ஒருங்கே எதிர்பார்த்தது. இரண்டும் மோதுமிடத்தில் தாய்மையே முந்த வேண்டும் எனச் சட்டத்தில் எழுதிவைத்தது.

இம்மோதல் 1995இல் நீதிமன்றத்தை அடைந்தது. விமானம் ஓட்டும் உரிமம் பெற்றிருந்த அலிஸ் மில்லர் என்ற பெண் வான்படை விமானிப் பயிற்சிக்கான தேர்வில் கலந்துகொள்ள அனுமதி கோரினார். பெண் என்பதால் மறுக்கப்பட்டார். பெண்களின் சேவைக்காலம் குறைவு, தாய்மையடைந்ததும் இருப்புப் படைக் கடமையிலிருந்து விலகுவர், ஆதலால் பெருஞ்செலவில் அளிக்கும் பயிற்சி வீணாகும் என்று படைத்தரப்பு வாதிட்டது. மூவர் ஆதரவும் இருவர் எதிர்ப்புமாக அமைந்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. சமத்துவத்துக்குச் செலவுண்டு, அச்செலவை அரசு ஏற்கத்தான் வேண்டும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் சாரம்.

படைத்தரப்பு வாதத்தின் அமைப்பு நோக்கத்தக்கது. பெண்ணுக்குச் சலுகையாகத் தரப்பட்ட குறைந்த சேவைக்காலமும் தாய்மை விலக்குமே அவளைத் தகுதியற்றவளாக்கும் காரணங்களாக எடுத்துக்காட்டப்பட்டன. 2000ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், பணியின் தன்மை தடுத்தாலன்றி எப்பணியிலும் ஆண்களுக்கு இணையாகச் சேவையாற்றும் உரிமையைப் பெண்களுக்கு அளித்தது. 2001இல் தனி மகளிர் பிரிவு கலைக்கப்பட்டது. எனினும் சேவைக்கால வேறுபாடும் திருமணம், தாய்மை சார்ந்த விலக்குகளும் நீங்கவில்லை.

நீதிமன்றங்களின் தருக்கம்

கட்டாயச் சேவையின் பாலின வரையறை நீதிமன்றங்களில் பலமுறை அறைகூவலுக்கு உள்ளாகியுள்ளது. அமெரிக்கா, ஜெர்மனி, தென் கொரியா ஆகிய நாடுகளின் வழக்குகளை ஒப்பிடுவது பயனுடையது.

அமெரிக்காவில் 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு முடிவுற்றது. 1975இல் பதிவும் நிறுத்தப்பட்டது. 1980இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பதிவை மீண்டும் தொடங்க முனைந்தபோது பெண்களையும் சேர்க்குமாறு பரிந்துரைத்தார். நாடாளுமன்றம் ஆண்களின் பதிவுக்கு மட்டுமே நிதி ஒதுக்கியது. இக்காலத்தில் சமவுரிமை அரசியலமைப்புத் திருத்தம் குறித்த விவாதமும் உச்சத்தில் இருந்தது. அத்திருத்தம் நிறைவேறினால் மகள்கள் படைக்கு இழுக்கப்படுவர் என்பது ஃபிலிஸ் ஷ்லாஃப்லி தலைமையிலான எதிர்ப்பாளர்களின் வலிமையான பரப்புரை. மாறாக, பெண்களைப் பதிவிலிருந்து விலக்குவது அவர்களை இரண்டாந்தரக் குடிமக்களாக்கும் என்று தேசிய மகளிர் அமைப்பு நீதிமன்றத்தில் வாதிட்டது.

1981 ஜூன் மாதம் ராஸ்ட்கர் எதிர் கோல்டுபர்க் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் ஆண்கள் மட்டும் பதிவுசெய்வதை ஏற்றது. ஆள்சேர்ப்பின் நோக்கம் போர்முனை வீரர்களைத் திரட்டுவது. பெண்கள் போர்முனைப் பணிகளிலிருந்து விலக்கப்பட்டுள்ளனர். ஆதலால் இருபாலரும் ஒத்த நிலையில் இல்லை என்பது நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பின் அடிப்படை. இதில் ஒரு வட்டத் தருக்கம் உள்ளது. போர்முனை விலக்கும் அரசு இயற்றிய விதியே. ஒரு விலக்கு மற்றொரு விலக்குக்குச் சான்றாக நிறுத்தப்பட்டது. முதல் விலக்கின் நியாயம் வினவப்படவே இல்லை.

2015 டிசம்பரில் போர்முனைப் பணிகள் அனைத்தும் பெண்களுக்குத் திறக்கப்பட்டபோது இத்தருக்கம் தன் அடித்தளத்தை இழந்தது. 2019இல் டெக்சாஸ் மாநிலத்தின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஒன்று ஆண்கள் மட்டுமான பதிவு அரசியலமைப்புக்கு முரண் என்று கூறியது. மேல்முறையீட்டு நீதிமன்றம், உச்ச நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பைத் தான் மாற்ற இயலாது என்ற அடிப்படையில் அதைத் தள்ளியது. 2021இல் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்தது. நாடாளுமன்றம் இப்பொருளை ஆய்ந்துகொண்டிருப்பதால் நீதிமன்றம் ஒதுங்கி நிற்பது தகும் என்று நீதிபதி சோட்டோமேயர் குறிப்பு எழுதினார். ஆயினும், பெண்களையும் சேர்க்குமாறு 2020இல் ஓர் ஆணையம் பரிந்துரைத்த பின்னரும் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றவில்லை. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைச் சுட்ட, நாடாளுமன்றம் வாளாவிருக்க, காரணம் மறைந்த விதி மட்டும் நிலைத்துள்ளது.

ஜெர்மனியில் வினா இரு பக்கங்களிலிருந்தும் எழுந்தது. ஆயுதப் பணியில் பெண்கள் ஈடுபடுவதைத் தடைசெய்த விதிகள் ஐரோப்பியச் சமத்துவச் சட்டத்துக்கு முரண் என்று, தான்யா கிரைல் என்ற மின்னணுத் தொழில்நுட்பப் பணியாளர் தொடுத்த வழக்கில் 2000 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் விளைவாக அரசியலமைப்பின் 12அ பிரிவு திருத்தப்பட்டது. பெண்கள் விரும்பினால் ஆயுதம் ஏந்தலாம். ஆனால் எந்நிலையிலும் அவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது திருத்தத்தின் சாரம். பின்னர், ஆண்களை மட்டும் கட்டாயப்படுத்துவது பாகுபாடு என்று அலெக்சாண்டர் டோரி என்ற இளைஞர் தொடுத்த வழக்கில், கட்டாயச் சேவை நாட்டின் படை அமைப்பு சார்ந்த முடிவு, ஐரோப்பியச் சட்டம் அதில் தலையிடாது என்று 2003 மார்ச்சில் அதே நீதிமன்றம் கூறியது. உரிமை சமமாயிற்று, கடமை சமமாகவில்லை. 2011இல் கட்டாயச் சேவையே நிறுத்திவைக்கப்பட்டதால் இம்முரண் உறங்கிக் கிடந்தது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய படைப்பணிச் சட்டம், 18 வயதை எட்டும் ஆண்கள் வினாப்படிவத்தை நிரப்புதல் கட்டாயம், பெண்களுக்கு அது விருப்பம் என்று வகுத்ததால் அம்முரண் மீண்டும் விழித்துள்ளது.

தென் கொரிய அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு நாட்டைக் காக்கும் கடமையை எல்லாக் குடிமக்களுக்கும் விதிக்கிறது. ஆனால் படைப்பணிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஆண்களுக்கு அதைக் கட்டாயமாகவும் பெண்களுக்கு விருப்பமாகவும் பகிர்கிறது. 2010, 2014, 2023 ஆகிய ஆண்டுகளில் அரசியலமைப்பு நீதிமன்றம் இப்பகிர்வை ஏற்றுள்ளது. ஆயினும் அந்நாட்டின் மிக முதன்மையான தீர்ப்பு 1999 டிசம்பரில் வந்ததாகும். படைப்பணி முடித்தோருக்கு அரசுப்பணித் தேர்வுகளில் 3 முதல் 5 விழுக்காடு வரை கூடுதல் மதிப்பெண் வழங்கும் முறையைப் பெண்களும் மாற்றுத்திறனாளி ஆண் ஒருவரும் எதிர்த்தனர். ஒரு மதிப்பெண்ணின் பின்னமே வெற்றியைத் தீர்மானிக்கும் தேர்வில் இச்சலுகை பெண்களையும் படைக்கு எடுக்கப்படாத ஆண்களையும் வாயிலிலேயே தடுக்கிறது என்று கண்டு நீதிமன்றம் அதை நீக்கியது. சுமையை ஒரு பாலினத்துக்கு மட்டும் விதித்துவிட்டு அதற்கான கைம்மாற்றை மற்றப் பாலினத்தின் வாய்ப்பிலிருந்து எடுத்துத் தர அரசுக்கு உரிமையில்லை என்பது இதனால் நிலைபெற்றது. ஆனால் படைப்பணியில் தம் இளமையின் ஒரு பகுதியைச் செலவிட்ட ஆண்களின் மனக்குறையை அரசு வேறு வழியில் போதிய அளவு ஈடுசெய்யாததால், அக்குறை பெண்களுக்கு எதிரான சினமாக இன்றும் அந்நாட்டு அரசியலில் வெளிப்படுகிறது.

சுமை குறைந்தபோது சமமான சட்டங்கள்

1814ஆம் ஆண்டின் நார்வே அரசியலமைப்பு, பிறப்போ செல்வமோ பாராது ஒவ்வொரு குடிமகனும் குறிப்பிட்ட காலம் தாய்நாட்டைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று கூறியது. பாலினம் பற்றி அதில் சொல் இல்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகள் அச்சொல் ஆண் என்றே பொருள் கொள்ளப்பட்டது. 1985 முதல் போர்முனைப் பணிகள் உட்பட அனைத்தும் விரும்பி வரும் பெண்களுக்குத் திறந்திருந்தன. 2013 ஜூன் மாதம், பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டு நிறைவில், கட்டாயச் சேவையை இருபாலருக்கும் பொதுவாக்க நார்வே நாடாளுமன்றம் தீர்மானித்தது. 2015 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் 1997க்குப் பின் பிறந்த பெண்களை ஆண்களுக்கு இணையாக அழைத்தது. 1997இல் பிறந்தோரும் அதனுள் அடங்குவர்.

இத்தீர்மானத்தின் பின்னணியில் ஓர் எண்ணிக்கை உண்டு. அக்காலத்தில் நார்வேயில் ஆண்டுதோறும் சேவை வயதை எட்டியவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். படை எடுத்துக்கொண்டது 10,000க்கும் குறைவானோரையே. தேர்வில் விருப்பமும் கருத்தில் கொள்ளப்பட்டதால், விரும்பாத பலர் நடைமுறையில் அழைக்கப்படவில்லை. கட்டாயம் என்ற பெயர் நீடித்தது. உள்ளடக்கம் போட்டித் தேர்வை ஒத்ததாயிற்று. இந்நிலையில் பெண்களைச் சேர்ப்பது அவர்கள்மீது சுமையை ஏற்றுவதைவிட, திறமையானோரைத் தேரும் களத்தை இருமடங்காக்குவதாகவே அமைந்தது.

சுவீடனிலும் இதுவே நிகழ்ந்தது. 2010இல் அமைதிக்காலக் கட்டாயச் சேவையை நிறுத்திவைத்த அதே சீர்திருத்தம்தான் சட்டத்தின் சொற்களையும் பாலினப் பொதுமையாக்கியது. 2017இல் அரசு சேவையை மீண்டும் தொடங்க முடிவுசெய்தபோது இருபாலரும் அழைக்கப்பட்டனர். தொடக்கத்தில் 1999இல் பிறந்தோருள் ஏறத்தாழ 13,000 பேர் சோதிக்கப்பட்டு 4,000 பேர் எடுக்கப்படுவர் என்று திட்டமிடப்பட்டது. நெதர்லாந்தில் 1997 முதல் எவரும் படைக்கு அழைக்கப்படுவதில்லை. 2020 முதல் 17 வயதுப் பெண்களுக்கும் பதிவுக் கடிதம் அனுப்பப்படுகிறது. பிரான்சு 1997இல் கட்டாயச் சேவையை நிறுத்தி அதனிடத்தில் ஒருநாள் பாதுகாப்பு அறிமுகத்தை வைத்தபோது அதனுள் பெண்களைச் சேர்த்தது. 1793ஆம் ஆண்டின் ஆணை பெண்களுக்கு ஒதுக்கிய தனி வேலை, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் பொது வேலையாயிற்று; அப்போது அவ்வேலை ஒருநாளாகச் சுருங்கியிருந்தது.

போர் அச்சம் மிகுந்த நாடுகளில் நிலை வேறு. 2023இல் கட்டாயச் சேவையை மீட்ட லாட்வியா அதை ஆண்களுக்கே விதித்தது. பெண்கள் விரும்பினால் சேரலாம். உக்ரைனில் 2022 முதல் 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. பெண்களுள் மருத்துவப் பயிற்சி பெற்றோருக்குப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. சுமை மிகும்போது சட்டம் பழைய வகைப்பாட்டுக்குத் திரும்புகிறது என்பதற்கு இவை சான்றுகள்.

இவ்வாதத்துக்கு ஒரு சோதனையாக டென்மார்க் அமைகிறது. அந்நாட்டு அரசியலமைப்பின் 81ஆம் பிரிவு ஆயுதம் ஏந்தத்தக்க ஒவ்வோர் ஆணையும் நாட்டுக் காவலுக்குக் கடமைப்பட்டவராக்குகிறது. எனினும் 2025 ஜூலை முதல் 18 வயதை எட்டும் பெண்களும் சட்டத்தின் வழியாகக் கடமைக்குள் கொண்டுவரப்பட்டனர். நான்கு மாதச் சேவைக்காலம் பதினொரு மாதமாக உயர்த்தப்படும் வேளையிலேயே இவ்விரிவாக்கம் நிகழ்ந்துள்ளது. இதுவரை விருப்பமுற்று வந்தோரே இடங்களைப் பெரும்பாலும் நிரப்பினர். விரும்பாத பெண்ணையும் விரும்பாத ஆணையும் ஒரே குலுக்கல் சீட்டு அழைக்கும் நிலை பரவலானால், சட்டத்தின் சமத்துவம் அப்போதுதான் உண்மையாக அளக்கப்படும்.

உரிமையற்ற சமத்துவம்: எரித்திரியா

கடுமையான சுமையை இருபாலருக்கும் ஒருங்கே விதித்த சட்டமும் உண்டு. எரித்திரிய விடுதலைப் போரில் போராளிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பகுதியினர் பெண்கள். அம்மரபின் தொடர்ச்சியாக, 1995ஆம் ஆண்டின் தேசிய சேவை ஆணை 18 முதல் 40 வயது வரையிலான ஆண், பெண் இருபாலருக்கும் 18 மாதச் சேவையை விதித்தது. 1998இல் எத்தியோப்பியாவுடன் போர் மூண்டபின் இக்கால வரம்பு நடைமுறையில் மறைந்து, சேவை ஆண்டுக்கணக்கில் நீண்டது. படைமுகாம்களில் பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளாவதை ஐக்கிய நாடுகள் அவையின் விசாரணை ஆணையம் 2015, 2016ஆம் ஆண்டுகளின் அறிக்கைகளில் பதிவுசெய்தது. திருமணமும் தாய்மையும் நடைமுறையில் விடுதலை தரும் வழிகளாக அமைந்ததால், இளம்பெண்கள் படைக்கு அஞ்சி விரைந்து மணம் முடிக்கும் நிலையும் ஏற்பட்டது.

இங்குச் சட்டத்தின் சொற்கள் நார்வேக்கு இருபதாண்டுகள் முந்தியே சமமாயின. ஆனால் கடமைக்கு எல்லை வகுக்கும் நாடாளுமன்றமும் முறையீடு கேட்கும் நீதிமன்றமும் இல்லாதவிடத்துச் சமத்துவம் என்பது சமமான துன்பமாகக்கூட அமையவில்லை. பெண்ணுக்கு அது கூடுதல் துன்பமாயிற்று. கடமையில் சமத்துவம் உரிமையில் சமத்துவத்தைத் தானே கொண்டுவரும் என்ற 1918ஆம் ஆண்டுக்கால நம்பிக்கையை எரித்திரியாவின் வரலாறு மறுக்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் முடிபுகள் பின்வருமாறு.

முதலாவதாக, பெண்களைப் படைக்கு அழைத்த தொடக்கச் சட்டங்கள் சமத்துவக் கொள்கையால் அன்றி அரசின் தேவையால் பிறந்தன. அதனால்தான் பிரிட்டனின் சட்டம் போர் முடிந்ததும் மறைந்தது; தேவை நீடித்த இஸ்ரேலில் நிலைத்தது.

இரண்டாவதாக, திருமணம், தாய்மை, ஆயுதம் ஏந்தாமை என்னும் மூன்று விலக்குகளும் பெண்ணைப் பற்றிய அரசின் கருத்தை அழைப்பு விதிகளைவிட வெளிப்படையாகக் காட்டுகின்றன. இவ்விலக்குகளே பிற்காலத்தில் பெண்ணின் தகுதியை மறுக்கும் சான்றுகளாக மாறியதை மில்லர் வழக்கும் ராஸ்ட்கர் வழக்கும் காட்டின.

மூன்றாவதாக, இருபாலருக்கும் ஒரே விதிகளை வகுத்த சட்டங்களுள் பெரும்பாலானவை கடமை மெலிந்த காலத்தில் தோன்றியவை. இதனால் அவற்றின் மதிப்புக் குறைந்துவிடாது. ஆனால் அவை இன்னும் சோதிக்கப்படாதவை. ஐரோப்பாவில் படைகளின் தேவை மீண்டும் பெருகிவரும் இன்று அச்சோதனை தொடங்கியுள்ளது.

நான்காவதாக, ஆண்களுக்கு இழைக்கப்படும் பாகுபாடு, பெண்களுக்கு இழைக்கப்படும் பாகுபாடு என இதனைப் பிரித்து வாதிடுவது சிக்கலின் பாதியையே காண்பதாகும். பெண்ணை வீட்டுக்கு உரியவளாகக் கொண்ட கருத்தே ஆணின் உயிரைப் போருக்கு உரியதாகவும் கொண்டது. ஆகவே சேவையின் சமத்துவத்தை அளக்க விழைவோர் அழைக்கப்பட்டோர் பட்டியலில் பெண்களின் பெயர் உள்ளதா என்பதோடு நின்றுவிடலாகாது. யார், எக்காரணத்தால் விடுவிக்கப்படுகின்றனர்? மறுப்போருக்கு என்ன நேர்கிறது? பணியாற்றியோருக்கு அரசு எதைத் திருப்பித் தருகிறது, அதை யாரிடமிருந்து எடுத்துத் தருகிறது? இவ்வினாக்களுக்கு ஒரு சட்டம் தரும் விடைகளிலேயே அதன் சமத்துவம் தங்கியுள்ளது.